விரிப்பின் மறுமுனை

"இன்னும் கொஞ்சம் தூக்கு," என்றார் இஸ்திரிக்காரர்.

மகன் அவர் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைச் செருகினான். அலுங்காமல் படுக்க வைத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இதயம் ஏதோ பேருக்கு அடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று வாசலில் வைத்து மகனிடம் சொல்லிவிட்டும் போயிருந்தார். ஆனால் மூன்று நாளாகக் கிழவருக்கு இதே பிடிவாதம். மூச்சு இழுக்கத் தெம்பில்லாத மனுஷனுக்கு உட்கார மட்டும் ஆசை.

எல்லாம் இமாம் வந்துவிட்டுப் போனதால் வந்த வினை. உடம்பை விசாரிக்க வந்த மனுஷரிடம், இஸ்திரிக்காரர் சம்பந்தா சம்பந்தமில்லாமல் பொய்ச்சாட்சியைப் பற்றிக் கேட்டு வைத்தார். இமாமும் பாவம், பொதுவாகக் கேட்கிறார் என்று நினைத்து விலாவாரியாகச் சொன்னார். நபியவர்கள் ஒருநாள் சாய்ந்து உட்கார்ந்தபடி பெரும்பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்களாம். பொய்ச்சாட்சி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்களாம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று கூட இருந்தவர்களுக்கே தோன்றிவிட்டதாம்.

"தவ்பா செஞ்சா? மனசாரப் பாவமன்னிப்புக் கேட்டா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் நடுவுல உள்ளதை அவன் மன்னிச்சுடுவான். ஆனா இன்னொரு மனுஷனோட ஹக்கு, அவனுக்குச் சேரவேண்டிய உரிமை இருக்கு பாருங்க, அதை அந்த மனுஷன்தான் விடணும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இமாம் போய்விட்டார். மகன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்றைக்குக் காலையில் கிழவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"பாய்லர்க்காரனைப் போய்க் கூட்டிட்டு வா."

"எந்தப் பாய்லர்க்காரர்?"

மகனுக்குத் தெரிந்த பாய்லர்க்காரர் ஒருவர்தான்.

"அத்தா, அதெல்லாம் பத்தொன்பது வருஷமாச்சு. இப்ப எதுக்கு?"

"எனக்கு இன்னும் எத்தனை நாளு? நீயே சொல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் பொய் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லு. விட்டுடச் சொல்லு. வேற ஒண்ணும் பேச வேணாம்."

"வேற ஏதாவது கேட்டா?"

பக்கத்து அறையில் மருமகள் பால் ஆற்றும் சத்தம் கேட்டது. இஸ்திரிக்காரர் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"கேட்டா உண்மையைச் சொல்லு," என்றார்.

உண்மை என்னவோ சின்னதுதான். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தப் பெரிய லாண்டரியில் அப்பா இஸ்திரிப் பகுதியில் இருந்தார். மகனை பாய்லர் ரூமில் உதவியாளாகச் சேர்த்துவிட்டார். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. சேர்ந்த நாளிலிருந்து அடுப்பும் கரியும்தான், துணிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஒருநாள் மதியம் பாய்லர்க்காரர், "லுஹர் தொழுதுட்டு வந்துடறேன், பார்த்துக்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து வால்வு சீறத் தொடங்கியது. ஆவி அளவுக்கு மிஞ்சினால் வால்வு தானே திறந்து வெளியே விட்டுவிடும். அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் ஆவி வெளியே போனால் உள்ளே மெஷின் ஆறிப்போகும், மேனேஜர் வந்து கத்துவார். பையன் மூளையைக் கசக்கினான். மூலையில் கிடந்த பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றை எடுத்து, கம்பி கட்டி, வால்வின் கைப்பிடியில் பாரமாகத் தொங்கவிட்டான். சீறல் நின்றது. கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டோம் என்று சந்தோஷமாக வெளியே காற்று வாங்கப் போனான். கால் மணி நேரத்தில் பாய்லர் வெடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் செத்துப்போனாள்.

இடிபாட்டுக்குள் கம்பியோடு பெட்டி கிடைத்தது. தொங்கவிட்டது யார் என்பதுதான் மொத்த வழக்கே. பாய்லர்க்காரர் பையனைக் கைகாட்டினார். இஸ்திரிக்காரர் கூண்டில் ஏறி, குர்ஆன் மேல் கைவைத்து, பாய்லர்க்காரர் தொழப் போகும் முன் அதைத் தொங்கவிட்டதை ஜன்னல் வழியாக என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றார். என் மகன் அன்றைக்குப் பாய்லர் பக்கமே போகவில்லை, ஆள் குறைவாக இருந்ததால் என்னோடு விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான், ஒரு கட்டு முழுக்க, நாற்பது விரிப்பு மடித்தோம் என்றார். ஐந்து வேளை தொழுகிற, ஒருத்தரிடமும் வாய்ச்சண்டைக்குப் போகாத மனுஷன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள். பாய்லர்க்காரருக்கு ஆறு வருஷம் கிடைத்தது.

செத்துப்போன பெண்ணுக்கு ஒரே மகள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வேறு நாதியில்லை. ஐந்து வருஷம் கழித்து இஸ்திரிக்காரரே போய்ப் பெண் கேட்டு, அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தார். ஊரே மெச்சியது. அவள்தான் இப்போது பாலோடு உள்ளே வந்தாள்.

"எங்கே போகச் சொல்றாரு மாமா?" என்று கணவனைக் கேட்டாள்.

"மருந்து வாங்க," என்றான் அவன்.

பாய்லர்க்காரர் பஸ் டிப்போவுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தார். மகன் எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு டீ குடித்தான். போகாமலே திரும்பிவிடலாம் என்ற யோசனை இரண்டாவது டீயிலேயே வந்துவிட்டது. ஆனால் பாய்லர்க்காரர் அவனைப் பார்த்துவிட்டார். ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தவர், கையை எடுக்காமலே தலையை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை.

"உங்கத்தாவுக்கு முடியலையாமே."

"ஆமாண்ணே."

"அவரு அனுப்பினாரா, நீயா வந்தியா?"

"அவருதான்." மகன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "விட்டுடச் சொன்னாரு. மன்னிச்சுடச் சொல்லி..."

சக்கரம் நிற்கும்வரை பாய்லர்க்காரர் பேசவில்லை. அப்புறம் கம்பி ஒன்றை முறுக்கினார், மறுபடி சுழற்றிப் பார்த்தார். இந்த மனுஷன் கத்தினால் தேவலை, நாலு வார்த்தை அசிங்கமாகத் திட்டினால் தேவலை, அதையே சாக்கு வைத்துக் கிளம்பிவிடலாம் என்று மகன் நினைத்தான்.

"உன்னைத் தெருவுல பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்," என்றார் பாய்லர்க்காரர். "அப்புறம் தொழுகைக்குப் போனா இறங்கிடும். மறுபடி பார்த்தா வரும். எத்தனை வருஷத்துக்குத் தம்பி இப்படி ஏறி இறங்கறது? எனக்கும் அறுபத்திரண்டு ஆச்சு."

"அப்ப விட்டுடறீங்களா?"

"விட்டுடறேன். ஆனா உன் பொண்டாட்டி என்னைக் கண்டா தெருவை மாத்திக்கிட்டுப் போகுது. தாயைக் கொன்னவன்னு நினைக்குது. அது முன்னாடி உங்கத்தா ஒரு தடவை சொல்லட்டும், பாய்லர்க்காரன் செய்யலேன்னு. யார் செஞ்சதுன்னுகூடச் சொல்ல வேணாம். நான் அங்கேயே, அவரு கையைப் பிடிச்சு விட்டுடறேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். மண்ணெண்ணெய் டப்பாவில் கையை விட்டுக் கரியைக் கழுவினார். விரல் விரலாகத் துடைத்தார். "சட்டை மாத்திட்டு வந்துடறேன், இப்பவே போயிடலாம். மூச்சு இருக்கும்போது பார்த்துடணும்."

"நீங்க வண்டியில பின்னாடி உட்கார்ந்து வரவேணாம்ணே, இடுப்பு வலிக்கும். நான் போய் ஆட்டோ அனுப்பறேன். ரெடியா இருங்க."

யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. பாய்லர்க்காரர் சரி என்றார். வீட்டுக்குள் பார்த்து வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். மகன் வண்டியைக் கிளப்பும்போது அவர் கடையின் பாதி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் மூன்று ஆட்டோ ஸ்டாண்டுகள் இருந்தன. மகன் மூன்றையும் தாண்டி வந்தான்.

இஸ்திரிக்காரர் தலையணையில் சரிந்து கிடந்தார். கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மகன் கிட்டே போய் உட்கார்ந்தான். மருமகள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டாரு அத்தா."

"வரலையா?"

"இடுப்பு வலியாம். வரமுடியலைன்னாரு. ஆனா மன்னிச்சுட்டாரு."

"என்ன சொன்னான்? அவன் சொன்ன வார்த்தையிலேயே சொல்லு."

மகன் சொன்னான். பாய்லர்க்காரர் சைக்கிள் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக்கொண்டிருந்தார், கம்பியை முறுக்கி முறுக்கிப் பார்த்தார், சக்கரம் நிற்கும்வரை பேசவே இல்லை, அப்புறம் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டே, எனக்கும் அறுபத்திரண்டு ஆச்சு தம்பி, அல்லாஹ்வுக்காக விட்டுட்டேன்னு போய்ச் சொல்லு என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது என்றும் சேர்த்துக்கொண்டான். மகனுக்கே தான் சொல்வது பாதி நம்பும்படி இருந்தது. குரல்கூட லேசாக உடைந்தது.

இஸ்திரிக்காரர் வெகு நேரம் அவன் முகத்தையே பார்த்தார்.

"மண்ணெண்ணெய்," என்றார்.

"ஆமா அத்தா."

"கோர்ட்டுல நான் அந்தப் பெட்டியோட பிடியில கறுப்பு டேப்பு சுத்தியிருந்துச்சுன்னு சேர்த்துச் சொன்னேன். டேப்பு இருந்தது நிஜம். அதைக் கேட்டதும் வக்கீலுக்குக் கேள்வியே வரலை, உட்கார்ந்துட்டாரு." இழுத்து இழுத்துப் பேசினார். "நிஜத்துல கொஞ்சம் கலக்கணும். அப்பத்தான் நிக்கும். உனக்கு யாருடா சொல்லிக்கொடுத்தா?"

மகன் சரிந்த தலையணையைச் சரிசெய்யப் போனான்.

"அவளைக் கூப்பிடு."

"எதுக்கு அத்தா? தூங்குங்க."

"கூப்பிடு."

அவன் அசையவில்லை. அப்பாவும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இஸ்திரிக்காரர், எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "அம்மாடி," என்று கூப்பிட்டார். மருமகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும், அவரும் கழுத்தில் அளவு டேப்போடு வந்து வாசலில் நின்றார்.

இஸ்திரிக்காரர் தலையணையை விட்டு முன்னால் வந்தார். யாரும் தூக்கவில்லை, யாரும் பிடிக்கவில்லை. தானாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மாடி, அன்னைக்கு இவன்..."

மகன் அவரை இரண்டு தோளிலும் பிடித்துச் சாய்த்தான். "மூச்சு இழுக்குது," என்றான். "அத்தாவுக்கு நேரம் வந்துடுச்சு. கலிமா சொல்லணும், எல்லாரும் சொல்லுங்க." குனிந்து அப்பாவின் காதில் வாயை வைத்து உரத்த குரலில் கலிமாவைத் தொடங்கினான். நான் சாட்சி சொல்கிறேன் என்று தொடங்குகிற கலிமா. தையல்காரர் தொப்பியைத் தேடித் தலையில் வைத்துக்கொண்டு சேர்ந்து சொன்னார். மருமகள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதபடி சொன்னாள்.

இஸ்திரிக்காரர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் மகனின் குரல் இன்னும் ஏறியது. கலிமாவுக்கு மேல் குரலெடுத்துப் பேசி அந்த மனுஷனுக்குப் பழக்கமில்லை. மகனின் சட்டையைப் பிடித்திருந்த கை மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது பொத்தான் அறுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. மூன்றாவது தடவை வாய் திறந்தபோது, எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்ததையே அவரும் சொன்னார். நான் சாட்சி சொல்கிறேன் என்பதுவரை கேட்டது. மீதி உதட்டோடு நின்றது.

தையல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றாகப் பத்து நிமிஷம்.

"இப்படிப் புள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்," என்றார் அவர். "எங்கப்பன் போகும்போது நான் கடையில பட்டன் தச்சுட்டு இருந்தேன்."

மகனுக்கு முதலில் பயம் விட்டது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. அழுகை நிஜம்தான், கேவிக் கேவி அழுதான். ஆனால் எது முதலில் வந்தது என்பதை அவன் செத்தாலும் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஜனாஸாத் தொழுகைக்காக உடலை வைத்தார்கள். நல்ல கூட்டம். லாண்டரிக்கு அரை நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். இப்போது அங்கே சூப்பர்வைசராக இருப்பது மகன்தான். பாய்லர்க்காரர் கடைசி வரிசையில் நின்றார். வெள்ளைச் சட்டை. ஆனால் நேற்றிலிருந்து போட்டிருந்த சட்டை. முதுகு முழுக்க நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த சுருக்கம்.

இமாம் தொழுகைக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இவரை உங்களுக்குத் தெரியும். எப்படிப்பட்ட மனுஷர்?"

"நல்ல மனுஷர்," என்றது கூட்டம்.

இரண்டாம் முறை கேட்டார். அதே பதில் வந்தது. மூன்றாம் முறை மகன் தானும் சொன்னான், எல்லாரையும்விடத் தெளிவாகச் சொன்னான். சொல்லும்போது கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாய்லர்க்காரரின் உதடு மூன்று தடவையும் அசையவில்லை.

"இவரால யாருக்காவது மனக்குறை இருந்தா இப்பவே சொல்லுங்க. இல்லேன்னா அல்லாஹ்வுக்காக மன்னிச்சுடுங்க," என்றார் இமாம். மகனும் கையைக் கட்டிக்கொண்டு அதையே சொன்னான். குரல் நன்றாகத்தான் வந்தது.

பாய்லர்க்காரர் வரிசைகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முற்றம் அடங்கியது. பெரும்பாலான பேருக்கு அவர் யார் என்று தெரியும்.

"நேத்து மதியத்துலேர்ந்து ஆட்டோவுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்," என்று மகனிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

மகன் தரையைப் பார்த்தான். "அதுக்குள்ள அத்தாவுக்கு ஜாஸ்தியாயிடுச்சுண்ணே."

"பொண்ணு முன்னாடி சொன்னாரா?"

"எதை?" என்றான் மகன்.

இமாம் நடுவில் வந்து, மெதுவாக, "மய்யித்து காத்திருக்கு பாய். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நன்மை உங்களுக்குத்தான்," என்றார்.

"மனசுல வரலை ஹஜ்ரத். வராததை வந்துச்சுன்னு இத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

"செத்தவன்கிட்டயுமா பகை," என்றார் தையல்காரர், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரு உசிரை எடுத்துட்டு ஜெயிலுக்கும் போயிட்டு வந்தாச்சு, இன்னும் புத்தி வரலை பாரு."

நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். யாரோ பாய்லர்க்காரரின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மகன் சொல்லியிருக்கலாம். அவன் தொழுகைக்கு வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பாய்லர்க்காரர் பழையபடி கடைசி வரிசையில் போய் நின்று, கையைக் கட்டித் தொழுதார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. வந்திருந்த பெண்கள் கலைந்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் தையல்காரர் வீட்டில் தூங்கிப்போயிருந்தன. மனைவி அப்பாவின் கட்டிலைக் காலிசெய்துகொண்டிருந்தாள். துவைத்துக் காய்ந்த விரிப்பு அவள் தோளில் கிடந்தது.

"அந்த ஆள் வந்து கலாட்டா பண்ணினானாமே," என்றாள்.

"விடு."

"எங்கம்மாவை விழுங்கினது பத்தாதா அவனுக்கு? மாமாவையாவது நிம்மதியாப் போக விட்டிருக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க மட்டும் அந்த நேரத்துல கலிமா சொல்லலேன்னா என்ன ஆகியிருக்கும்? எனக்கும் நீங்கதாங்க சொல்லணும். நான்தான் முன்னாடி போவேன்."

அவன் அறுந்த பொத்தானைக் கட்டிலுக்கடியில் தேடுவதுபோலக் குனிந்தான்.

"ஆமா, என்னைக் கூப்பிட்டு என்னமோ சொல்ல வந்தாரே? 'அன்னைக்கு இவன்'னு ஆரம்பிச்சாரு. என்னவா இருக்கும்?"

"பாய்லர் வெடிச்ச அன்னைக்கு நானும் அவரும் விரிப்பு மடிச்சுக்கிட்டு இருந்தோம்ல. கடைசியா உங்கம்மாவைப் பார்த்தது நாங்கதானே. அதைத்தான் சொல்ல வந்திருப்பாரு."

"நாற்பது விரிப்பு," என்றாள் அவள். பதினைந்து வயசில் கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

"ஆமா."

அவள் தோளிலிருந்த விரிப்பை எடுத்து உதறினாள். இரண்டு முனையை அவனிடம் நீட்டினாள். "பிடிங்க. என்னால ஒத்தையா முடியாது, கையெல்லாம் விட்டுப்போச்சு."

பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் அவனிடம் துணி மடிக்கக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவன் பிடித்தான். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று இழுத்தார்கள். அவள் வலது கையை இடது கைக்குக் கொண்டுவந்தாள். அவனும் அவளைப் பார்த்து வலது கையை இடது கைக்குக் கொண்டுபோனான். விரிப்பு நடுவில் முறுக்கிக்கொண்டது.

"அய்ய, அப்படி இல்லைங்க. எதிர்ல நிக்கிறவங்க மாத்திக் கொண்டுவரணும். நான் வலது கைன்னா நீங்க இடது கை. எங்கம்மா முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, முதல் விரிப்பிலேயே கை தானா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

அவன் அவசரமாக முனைகளை மாற்றிப் பிடித்தான். மறுபடி வலது கைதான் போனது. அவள் முறுக்கின விரிப்பைத் தன் முனையில் இறுக்கிப் பிடித்தபடி, அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.